மாவு கடித்த மெழுகு

அந்த ஊரில் வயதான காலத்திலும் வாய் நிறையப் பல் தெரியச் சிரிப்பவர்களில் பாதிப் பேருக்குப் பல் செய்து கொடுத்தவர் அவர்தான். ஆனால் அவர்களில் ஒருவரோடும் அவருக்கு நேர்ப்பழக்கம் கிடையாது. கடைத்தெருவில் யாராவது சிரித்துக்கொண்டு எதிரே வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், பல்லைப் பார்ப்பார். "நம்ம செட்டுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தாண்டிப் போய்விடுவார். பல்செட்டு செய்வதால் எல்லோருக்கும் அவர் செட்டுக்காரர்.

பல் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம். அதைத் தாண்டினால் ஒற்றை ஜன்னல் வைத்த ஓர் அறை. இருபத்தாறு வருடங்களாக அவர் ராஜ்ஜியம் அங்கேதான். ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, மெழுகு வெட்டும் கத்திகள் நாலு, மூலையில் பிளாஸ்டர் மாவு நிறைந்த டிரம். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள். முன்னறையில் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுப்பார். அச்சு முற்றத்தைத் தாண்டி இவரிடம் வரும். மாவைக் கரைத்து அதில் ஊற்றி வைத்தால், அரை மணி நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவருடைய வாய் இவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். "இவரு பேனா மூடியைக் கடிக்கிற ஆளு." "இந்தம்மா தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறாங்க, வீட்டுல யாரையோ பிடிக்கல." "இவரு ஒரு பக்கமாவே மெல்றாரு, இன்னொரு பக்கம் ஏதோ வலி இருக்கு, சொல்லாம மறைக்கிறாரு." டாக்டர் முன்னறையில் விசாரித்தால் சொன்னது சொன்னபடியே இருக்கும். அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. இருக்கட்டுமே, இத்தனை வருடம் அடுத்தவர் வாய்க்காக மாவு குழைத்தவருக்கு அதுகூட வேண்டாமா?

இவ்வளவும் மாவு வாயோடு சரி. உயிருள்ள வாய் அவருக்கு ஆகவே ஆகாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், பழைய டாக்டர் ஏதோ அவசரத்துக்கு இவரை முன்னறைக்குக் கூப்பிட்டு விளக்கைப் பிடிக்கச் சொன்னார். நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தார், டாக்டர் பல்லைப் பிடுங்கினார், ரத்தம் வந்தது, இவர் தடாலென்று விழுந்தார். பல்லைப் பறிகொடுத்த மனிதரே எழுந்து வந்து இவர் முகத்தில் தண்ணீர் தெளித்ததாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து அவர் முன்னறை வாசற்படியை மிதித்ததில்லை. வேலை முடிந்த செட்டை வரவேற்பு மேஜையில் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றபின் அவர் மகள் அந்த நாற்காலிக்கு வந்தார். கை சுத்தம், வாய் நறுக்கு, கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அப்பா காலத்து நாற்காலியை மாற்றினார், விளக்கை மாற்றினார், சுவரின் வண்ணத்தையும் மாற்றினார். காத்திருக்கும் அறையில் அப்பா மாட்டிய பலகையை மட்டும் தொடவில்லை. 'வலியோடு வருபவர் முதலில்' என்று அதில் எழுதியிருக்கும். நேரம் குறித்து வாங்கியவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்துவிட்டால் அவருக்குத்தான் முதல் இடம். சாப்பாட்டு நேரம், பூட்டுகிற நேரம் என்ற பேச்சே கிடையாது. வலியோடு வந்தவரைத் திருப்பி அனுப்பிய பழக்கம் அந்த மருத்துவமனைக்கு இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மழை நாளில், செட்டுக்காரரின் ஜன்னல் வழியாக ஒரு கறுப்புப் பூனைக்குட்டி குதித்தது. குதித்த இடம் மாவு டிரம். வெளியே வந்தபோது வெள்ளைப் பூனை. துடைத்துத் துடைத்துப் பார்த்தார், காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் இருந்த வெள்ளை போகவில்லை. "மாவு" என்று கூப்பிட்டார். அது திரும்பிப் பார்த்தது. அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

மாவுக்கு ஊர்சுற்றும் புத்தி கிடையாது. காலையில் அவர் கதவைத் திறக்கும்போது முற்றத்தில் காத்திருக்கும். அவர் பல் அடுக்கும்போது மேஜையின் வலது மூலையில் படுத்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோக அவருக்கும் ஆசைதான். ஆனால் அவர் குடியிருந்தது வாடகை மாடி. வீட்டுக்காரர் மீன்தொட்டிக்கே முகம் சுளிப்பவர். அதனால் பகலில் மாவு தொழிலாளி, இரவில் காவலாளி.

மெழுகு கடிக்கிற வழக்கம் ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. பல்செட்டுக்கு உபயோகிப்பது ரோஜா நிறத்தில் தகடு தகடாக வரும் மெழுகு. முதல் நாள் ஒரு தகட்டின் ஓரத்தில் பூனைப்பல் வரிசையைப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. தொழில் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. கத்திமுனையால் அதில் தேதியைக் கீறி, கீழே 'குற்றவாளி: மாவு' என்றும் கீறி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கும் தேதி போட்டார். டப்பாவுக்குக் குற்றப்பத்திரிகை என்று பெயர் வைத்தார்.

மெழுகோடு நின்றதா என்றால் இல்லை. ரப்பர் கிண்ணத்தின் விளிம்பு, அட்டைப்பெட்டியின் மூலை, மேஜை விளக்கின் வயர் என்று எல்லாவற்றிலும் வாய் வைத்தது. வயரை மட்டும் அவர் உடனே குழாய்க்குள் ஓடவிட்டார். மற்றதெல்லாம் விளையாட்டு என்று விட்டுவிட்டார். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவிதான் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"வயித்துக்கு சரியா போடுறீங்களா அதுக்கு? பசியில கடிக்குதோ என்னவோ."

"கிண்ணம் நிறைய வைக்கிறேன். பாதி அப்படியே கெடக்குது. கீழ வேற சிந்துது. கொழுப்பு, வேறென்ன?"

"உங்களை மாதிரி."

"நான் எங்க சிந்துறேன்?"

"சிந்தல. ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு ஒரு மணி நேரம் சாப்பிடுறீங்க. ரொட்டியைக்கூட டீயில ஊறப்போட்டுத்தான் இறங்குது. கேட்டா ருசியா இருக்குங்கிறீங்க."

"ருசியாத்தான் இருக்கு" என்றார் செட்டுக்காரர்.

விளையாட்டு வினையானது பாட்டு டீச்சரின் செட்டில். பல்லே இல்லாத வாய்க்குச் செட்டு செய்வதில் ஒரு படி உண்டு. ஈறின் மேல் உட்காரும் தகடு செய்து, அதன் மேல் மெழுகைக் குட்டிச் சுவர் போல எழுப்பி முன்னறைக்கு அனுப்புவார். டாக்டர் அதை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி, இந்த உயரம், இந்த நடுக்கோடு என்று குறித்துத் திருப்பி அனுப்புவார். அதுதான் கடிமெழுகு. அந்த உயரத்தில் தாள் கனம் பிசகினாலும் செட்டு வாயில் சேராது. பாட்டு டீச்சரின் கடிமெழுகு மேஜைக்கு வந்தது. செட்டுக்காரர் கை கழுவப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மெழுகின் ஒரு பக்கம் மாவின் வாயில்.

அந்த நேரத்தில் அவர் முன்னறைக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். 'இப்படி ஆகிவிட்டது, டீச்சரை இன்னொரு தடவை வரச்சொல்லுங்கள்' என்ற ஒரு வரிதான். சொல்லவில்லை. இருபத்தாறு வருடக் கர்வம் குறுக்கே நின்றது. டீச்சரின் தாடையைத்தான் கரைத்துக் குடித்திருக்கிறோமே, உயரம் நமக்குத் தெரியாதா என்று கத்தியைச் சூடுபண்ணி, பள்ளத்தை நிரப்பி, வழுவழுவென்று இழைத்து, கண் மதிப்பில் பல்லை அடுக்கிக் காதும் காதும் வைத்தாற்போல அனுப்பிவிட்டார்.

மறுநாள் டீச்சர் வாயில் வைத்துப் பார்த்தபோது இடப்பக்கப் பல் இடித்தது, வலப்பக்கம் காற்று போனது. டாக்டரம்மா முற்றத்தைத் தாண்டி அவரே வந்தார். அவர் அந்த அறைக்கு வருவது அபூர்வம்.

"அண்ணே, இது நான் குறிச்ச உயரம் இல்லையே."

செட்டுக்காரருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கத்தியைத் துடைத்து வைத்தார். பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டாக்டரம்மா மேஜை மூலையைப் பார்த்தார். மாவு கண்ணை மூடிப் படுத்திருந்தது.

"அவங்க இதுக்காக இன்னும் ரெண்டு தடவை பஸ் ஏறி வரணும். வாய்க்குள்ள வைக்கிற பொருள்ணே இது. மூணு வருஷமா நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன், இனிமே முடியாது. சனிக்கிழமைக்குள்ள பூனை இங்க இருக்கக்கூடாது."

"சரிங்க டாக்டரம்மா."

வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண் சாயங்காலமே வழி கண்டுபிடித்துவிட்டாள். அவளுடைய சித்தப்பா ஊருக்கு வெளியே ஒரு அட்டைப்பெட்டிக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். கிடங்கில் எலி உபத்திரவம். சனிக்கிழமை மதியம் வண்டி வரும்போது பூனையை ஏற்றிவிடலாம்.

"அங்க அதுக்குச் சோறு கீறு வைப்பாங்களாம்மா?" என்று செட்டுக்காரர் கேட்டார்.

"சோறு எதுக்குண்ணே? எலியே எக்கச்சக்கமா இருக்காம். புடிச்சுத் தின்னுட்டு ராஜா மாதிரி இருக்கும்."

அவரும் அதை நம்பினார். உண்மையைச் சொன்னால் அன்று அவருக்கு மாவின் மேல் ஆத்திரம். அது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் தன் மானம் கப்பலேறியிருக்காது என்று மறுநாள் புதன்கிழமை முழுவதும் அதோடு பேசவில்லை. மாவு வழக்கம்போல மூலையில் படுத்திருந்தது. பேசாததை அது கவனித்ததாகவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை, டப்பாவில் இருக்கும் மெழுகை எல்லாம் உருக்கிவிடலாம் என்று எடுத்தார். குற்றவாளியே போகிறபோது குற்றப்பத்திரிகை எதற்கு? மேஜையில் கொட்டினார். ஒன்பது துண்டுகள். கை பழக்கத்தில் தேதி வரிசையாக அவற்றை அடுக்கியது. அடுக்கி முடித்தபோது கண், அதுவும் பழக்கத்தில், படிக்க ஆரம்பித்தது.

முதல் துண்டில் நாலு கோரைப்பல் குழிகள், அவற்றுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ரம்பம் போட்ட மாதிரி சீரான தடம். மூன்றாவதில் வலப்பக்கத் தடம் மங்கியிருந்தது. ஐந்தாவதில் வலப்பக்கம் இரண்டே புள்ளி. எட்டிலும் ஒன்பதிலும் வலப்பக்கம் சுத்தமாக ஒன்றுமே இல்லை. இடப்பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப, ஆழமாக, மெழுகே கிழியும் அளவுக்குக் கடிபட்டிருந்தது.

செட்டுக்காரர் ஸ்பிரிட் விளக்கை அணைத்தார்.

இடம் வலம் மாறிப் பார்க்கிறோமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். தகட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் எல்லாமே தலைகீழாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகட்டை வெட்டி, லேசாகச் சூடு காட்டி, தன் வாயிலேயே வைத்துக் கடித்தார். அதிலும் அன்றைய தேதியைக் கீறினார். பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார். சந்தேகமே இல்லை, மாவு வலப்பக்கம் கடிக்கவில்லை. இதே அச்சு ஒரு மனிதனுடையதாக வந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் 'வலி இருக்கு, மறைக்கிறாரு' என்று முன்னறைக்குக் கேட்கும்படி சொல்லியிருப்பார். நாலு மாதமாகத் தேதி போட்டு, பெயர் போட்டு, மாவு ஒவ்வொன்றாகக் கொடுத்த அச்சை அவர் சிரித்துக்கொண்டே டப்பாவில் போட்டு மூடியிருக்கிறார்.

கிண்ணத்தில் மிஞ்சிய சாப்பாடு அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கீழே சிந்தியது புரிந்தது. சாப்பிடும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பதும், சில சமயம் ஒரு வாய் எடுத்தவுடன் 'ஸ்' என்று பின்னால் துள்ளுவதும் புரிந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு அது எலி பிடிக்கப் போகிறது! கிடங்கில் ஒரு மாதம் தாங்காது. பட்டினியில் செத்துப்போகும். யாருக்கும் காரணம் தெரியாது.

இனி செய்யவேண்டியது ஒன்றுதான் இருந்தது, அதை நினைத்தாலே அவருக்கு வியர்த்தது. மாவைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்தார். "கடிக்காதே தாயே" என்று சொல்லிவிட்டு, வலப்பக்க உதட்டைக் கட்டைவிரலால் மெல்ல உயர்த்தினார். கடைவாய்ப் பல் ஒன்றின் அடியில், ஈறு பல்லின் மேலேயே ஏறி வளர்ந்ததுபோல ஒரு சிவப்புத் திட்டு. விரல் அதன் பக்கம் போனதுமே மாவின் கீழ்த்தாடை கிடுகிடுவென்று தானாக அடித்துக்கொண்டது. அது கத்தவில்லை, கீறவில்லை. தாடை மட்டும் நடுங்கியது.

செட்டுக்காரருக்குக் கண் இருட்டியது. அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். மயக்கம் தெளிந்தபோது மாவு அவர் மடியில் ஏறியிருந்தது. "நாலு மாசமாடி? நாலு மாசமா சொன்னியா?" என்று கேட்டுவிட்டு, ஐம்பத்தோரு வயதில், குழந்தை மாதிரி அழுதார்.

அழுது முடித்ததும் காரியத்தில் இறங்கினார். டாக்டரம்மாவிடம் போய்ப் பூனைக்காகக் கெஞ்சினால் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். கெஞ்சலுக்கு மசிகிற ஆள் இல்லை அவர். எனவே நோயாளியின் வேலையை எப்படி அனுப்புவாரோ அப்படியே அனுப்பினார். ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து, முதல் துண்டு, ஐந்தாவது, ஒன்பதாவது, ஒப்பிட்டுப் பார்க்கக் கடித்த தன் துண்டு என்று நாலையும் வரிசையாக வைத்தார். சீட்டில் எழுதினார்: 'நாலு மாதம். வலப்பக்கம் கடிப்பதில்லை. வலியோடு வந்திருக்கிறது.' தட்டை வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

பத்து நிமிடத்தில் டாக்டரம்மா தட்டோடு வெளியே வந்தார்.

"பூனையோடதா இது?"

"ஆமாங்க."

"அண்ணே, நான் மனுஷங்களுக்குப் பல் பார்க்கிறவ."

"தெரியும் டாக்டரம்மா."

அவர் முதல் துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு ஒன்பதாவதை. கோபமாகத்தான் இருந்தார், ஆனால் ஒரு கடித்தடம் கைக்கு வந்துவிட்டால் அதைப் படிக்காமல் கீழே வைக்க அந்தத் தொழிலில் யாராலும் முடியாது. நாலாவது துண்டையும் எடுத்துப் பார்த்தார். செட்டுக்காரரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அந்தத் துண்டை மட்டும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வலது கீழ்க் கடைவாய். மேலயும் இருக்கலாம். எப்படி இத்தனை நாள் தாங்குச்சு?" என்றார். காத்திருக்கும் அறையின் பலகை அவர் தலைக்கு நேர் பின்னால் தொங்கியது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. வரவேற்புப் பெண்ணிடம் சொன்னார்: "உங்க சித்தப்பாகிட்ட வண்டி வேணாம்னு சொல்லிடும்மா. அண்ணே, என்கூட படிச்சவன் ஒருத்தனோட தங்கச்சி விலங்கு டாக்டர். நம்பர் தர்றேன், இன்னைக்கே கெளம்புங்க."

விலங்கு டாக்டர் நெட்டையான பெண். வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசினார். செட்டுக்காரரும், நூலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த அவர் மனைவியும், அட்டைப்பெட்டிக்குள் மாவுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னென்ன கடிக்குது?"

அவர் பட்டியல் சொன்னார்.

"சுவரை நக்குதா? மண்ணைத் திங்குதா?"

"இல்லைங்க."

"அப்படி இருந்தா ரத்தசோகையான்னு பார்க்கணும். கம்பளி, துணி?"

"இல்லைங்க."

"அது பால்குடி மறக்கும் முன்னாடியே தாயைப் பிரிஞ்ச குட்டிங்க சிலதுக்கு வரும். சிலது பொழுது போகாம கடிக்கும், சிலது பயந்து போய்க் கடிக்கும். வயித்துல கோளாறு இருந்தாலும் கண்டதையும் கடிக்கும். பார்க்கிறவங்க எல்லாத்தையும் சேட்டைன்னு சொல்லிடுவாங்க. சும்மா இருந்த பூனை திடீர்னு புதுசா ஒண்ணைக் கடிக்க ஆரம்பிச்சா சேட்டைன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி இங்க கொண்டு வரணும். நூலு, மெழுகு எதையும் முழுங்கிடுச்சுன்னா குடலே அடைச்சுக்கும்." மாவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். தாடை மறுபடி நடுங்கியது. செட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பல்லு வேர்ப்பக்கமா கரைஞ்சுக்கிட்டு வருது. பூனைங்களுக்கு அடிக்கடி வர்றதுதான். ரொம்ப வலிக்கும், ஆனா காட்டிக்காது. மெத்துனு ஏதாவது கெடைச்சா அதைக் கடிச்சு ஈறுக்கு இதம் தேடியிருக்கும்."

"கத்தவே இல்லையே டாக்டர்?" என்றாள் மனைவி.

"கத்தாதும்மா. அதனாலதான் இவ்வளவு முத்திப்போய் வருதுங்க. படம் எடுத்துப் பார்த்துட்டு, கெட்டதை எல்லாம் எடுத்துடணும்."

படம் எடுத்ததில் வலப்பக்கத்தோடு நிற்கவில்லை. இடப்பக்கமும் தொடங்கியிருந்தது. கோரைப்பல்லையும் முன்பல்லையும் விட்டுவிட்டுக் கடைவாய்ப் பல் அத்தனையையும் எடுக்கவேண்டும் என்றார் விலங்கு டாக்டர். செட்டுக்காரர் இடிந்துபோனார். பல் போன வாயைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அவர் பிழைப்பே அதில்தானே ஓடுகிறது. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. அளவு மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னா சின்னதா ஒரு செட்டு நானே…"

விலங்கு டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "ராத்திரி கழட்டி டம்ளர்ல போட்டு வைக்குமா?"

மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செட்டுக்காரருக்கு ரோஷமாகத்தான் இருந்தது.

மாவு தேறி வர இரண்டு வாரம் ஆனது. முதல் வாரம் கூழ் மாதிரி அரைத்துக் கொடுத்தார். பத்தாம் நாள் அவர் முதுகைத் திருப்பிய நேரத்தில் பழைய கடினமான உருண்டைத் தீனிப் பொட்டலத்தை அது தானே கிழித்தது. பதறிப்போய்த் திரும்பினார். மாவு நாக்கால் வாரி வாரி, மெல்லாமலே விழுங்கிக்கொண்டிருந்தது. தலை சாயவில்லை. வாயிலிருந்து ஒன்றும் சிந்தவில்லை. கொட்டியதை எல்லாம் நக்கி முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று அவரைப் பார்த்தது. இருபத்தாறு வருடமாகப் பல் இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லை என்று நம்பிப் பல் செய்தவர் அவர். பல்லைவிட வலிதான் அதன் சாப்பாட்டைத் தடுத்திருக்கிறது என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதன்பின் மெழுகுத் தகடு மேஜையில் திறந்தே கிடந்தாலும் மாவு அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

மாவு தேறியபின், டாக்டரம்மா தான் சொன்னதில் பாதியை விட்டுக்கொடுக்கவில்லை. வேலை நடக்கிற அறைக்குள் பூனை நுழையக்கூடாது என்பது நுழையக்கூடாதுதான். ஜன்னலுக்கு வலை வந்தது. முற்றத்தில் மழை படாத மூலையில் ஒரு மரப்பெட்டி வந்தது. மாவு அதில் படுத்துக்கொண்டு வலை வழியாக அவர் வேலையை மேற்பார்வை பார்த்தது. பாட்டு டீச்சருக்குப் புதிதாக எடுத்த கடிமெழுகில் செட்டு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று தகவலும் வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று செட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வரவேற்புப் பெண் முற்றத்தில் வந்து நின்றாள். "அண்ணே, டாக்டரம்மா உங்களை உள்ள வரச்சொன்னாங்க. முன்னறைக்கு."

"வேலையாத்தான் இருப்பாங்க, அப்புறம் வர்றேன்னு சொல்லும்மா."

"இப்பவே வரச்சொன்னாங்க. அண்ணியும் உள்ளதான் இருக்காங்க."

வாசற்படியில் வந்து நின்றார். மனைவி நூலகப் பையோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. டாக்டரம்மா கோட்டுப் பையிலிருந்து ஒரு ரோஜா நிறத் துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். அன்றைய வியாழக்கிழமையின் தேதி அதில் இருந்தது, பெயர் இல்லை.

"இது பூனை இல்லை" என்றார்.

செட்டுக்காரர் தன் கடித்தடத்தைக் குனிந்து பார்த்தார். அன்றைக்கு மாவின் இடம் வலத்தைச் சரிபார்க்கிற அவசரத்தில் தன்னுடையதை அவர் படிக்கவே இல்லை. இடப்பக்கம் ஆழமாக, தேய்ந்து, ஒன்று விடாமல் இருந்தது. வலப்பக்கம் வழுவழுவென்று வெறும் மெழுகு. இவ்வளவு காலம் யார் யாரையோ பற்றிச் சொன்ன ஒரு வரி அவர் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"மாவு தேறட்டும்னுதான் இத்தனை நாள் பொறுத்தேன். எத்தனை வருஷமாண்ணே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. எனக்கு வலியே இல்லை."

"மாவும் அப்படித்தான் சொல்லுச்சு" என்றார் டாக்டரம்மா.

மனைவி எழுந்து வந்து அவர் தோளிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டாள். "பயமா இருந்தா கண்ணை மூடிக்கோங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் காத்திருக்கும் அறையைத் திரும்பிப் பார்த்தார். நேரம் குறித்து வாங்கியவர்கள் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒரு பெரியவர் இவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். நம்ம செட்டுதான். செட்டுக்காரர் படியைத் தாண்டி உள்ளே போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார், வாயைத் திறந்தார்.